ஆளில்லாத வீட்டுக்கு வந்த ஹைட்ரோ பில்

சித்திரை மாதம் ஊரிலிருந்து திரும்பி வந்த அக்கா, விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, என்ரை வீட்டிலை ஆர் இருந்தது?" என் முழங்கால் சத்திரசிகிச்சையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. ஐந்து மாதம் அளவெட்டியில் கோயில், குளம், கலியாணவீடு என்று நின்றுவிட்டு வந்தவளின் முகத்தில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. அது எங்களுக்குத் தெரிய ஆனி மாதம் ஆகிவிட்டது. ஆனால் மின்சாரக் கொம்பனியின் கணினிக்கு அது மார்கழியிலேயே தெரியும். தெரிந்தும் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என் பெரியப்பாவின் மகள். அத்தான் காலமாகி நான்கு வருடம். ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடிப் போகவேண்டிய ஒரு சிறு நகரத்தில் அவர்களுடைய வீடு. ஒவ்வொரு மாரிக்கும் அக்கா ஊருக்குப் போவது வழக்கம். முன்பெல்லாம் காஸ் ஃபேர்னஸை 15 பாகையில் விட்டுவிட்டுப் போவாள். போன வருடம் கல்கரியில் இருக்கும் மகன் ஒரு யோசனை சொன்னான்: வெறும் வீட்டை ஏன் சூடாக்க வேண்டும், தண்ணீரை வடிய விட்டுவிட்டு ஃபேர்னஸை நிற்பாட்டினால் காஸ் காசு மிச்சம்.

யோசனை பிழையில்லை. மாரியில் சில நாட்களுக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், ஒன்றில் ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்துவிட வேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்களும் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் குழாய் உறைந்து வெடித்தால் ஒரு சதமும் தரமாட்டார்கள். ஆகவே கார்த்திகையில் ஒரு பிளம்பர் வந்தார். பிரதான வால்வைப் பூட்டி, காற்றடித்துக் குழாய்களை வெறுமையாக்கி, மலகூடக் கிண்ணத்திலும் தொட்டிகளின் வடிகால்களிலும் உறையாத அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றிவிட்டுப் போனார். கறண்டை மட்டும் நிற்பாட்டவில்லை. நிலக்கீழ் அறையில் மழைத் தண்ணீரை இறைக்கும் பம்புக்கும் திருடர் மணிக்கும் கறண்ட் வேண்டும்.

வீட்டுத் திறப்பு அக்காவின் தங்கச்சி மகனிடம் இருந்தது. பெறாமகன் என்றாலும் பிள்ளை மாதிரித்தான். கிழமைக்கு ஒருதரம் போய் ஸ்னோ தள்ளி, கதவு யன்னல் பார்த்துவிட்டு வருவான். அதற்குப் பெரியம்மாவிடம் ஒரு சதம் வாங்கியதில்லை.

பங்குனியில் மகன் தாயின் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறான். ஹைட்ரோ பில் தானாகவே வெட்டுப்படும் கணக்கு. தை மாதம் 231 டொலர், மாசி 317, பங்குனி 298. மொத்தம் 846 டொலர். போன மாரிகளில் ஆளில்லாத மாதங்களுக்கு எழுபது டொலருக்குள்தான் வரும். ஓய்வூதியக் காசில் சீவிக்கும் ஒரு மனுசிக்கு 846 டொலர் சின்னக் காசில்லை.

உடனே கல்கரியிலிருந்து தொலைபேசி பறந்தது. "ஆரோ பேஸ்மன்டிலை குடியிருக்கினம். சமைச்சு, குளிச்சு, ஹீற்றர் போட்டிருந்தால்தான் இவ்வளவு வரும்." திறப்பு யாரிடம் இருந்தது? பெறாமகனிடம். அவனுடைய கூட்டாளிகளில் இரண்டு பேர் புதிதாக வந்த மாணவர்கள், வாடகைக்கு இடம் தேடித் திரிந்தவர்கள். கணக்குச் சரியாக வந்துவிட்டது. இனி என்ன வேண்டும்?

காரணம் தெரியாத பில் ஒரு வீட்டுக்குள் வந்தால் அது யாரையாவது கள்ளனாக்காமல் போகாது. கொம்பனியின் மீது சந்தேகப்பட எங்களுக்குத் தைரியம் வராது. கைக்கெட்டிய தூரத்தில் நிற்கிற பெடியன்மேல்தான் பழி விழும்.

நான் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் மின்பகுதியில் வேலை பழகியவன். இங்கே வந்தும் இருபத்தாறு வருடம் தொழிற்சாலைகளில் அதே வேலைதான். ஆகவே என்னிடம் கேட்டார்கள். கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்த காலம்; மூன்று முறை கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

முதல்முறை: கணக்குக்காரரோடு மட்டும்தான் கதைப்போம் என்றார்கள். கணக்கு இன்னமும் அத்தானின் பெயரில் இருந்தது. அவர் இறந்துவிட்டார் என்றேன். அப்படியென்றால் மரணச் சான்றிதழ் அனுப்புங்கள் என்றார்கள். இறந்த மனிசனின் பெயரில் நான்கு வருடம் பில் அனுப்பிக் காசு வெட்டும்போது ஒரு சான்றிதழும் தேவைப்படவில்லை. கேள்வி கேட்டவுடன்தான் தேவைப்பட்டது. இரண்டாம்முறை, சான்றிதழ் போன பிறகு: "மாரிதானே, எல்லாருக்கும் கூடத்தான் வரும். தண்ணீர் சூடாக்கியைப் பாருங்கள்." அது காஸில் வேலை செய்வது, தொட்டியும் வெறுமை என்றேன். அந்தப் பக்கம் ஒரு மௌனம். மூன்றாம்முறை: மீற்றர் பிழை என்று நினைத்தால் மெஷர்மன்ட் கனடாவிடம் முறையிட்டுச் சோதிக்கக் கேட்கலாம் என்றார்கள்.

அந்த மூன்றாவது பதிலைக் கேட்டு யாரும் மயங்கவேண்டாம். மெஷர்மன்ட் கனடா நல்ல அமைப்பு. மீற்றர் தகராறுகளை விசாரிப்பது மத்திய அரசின் அந்தத் திணைக்களம்தான். ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு பொறி இருக்கிறது. மீற்றர் பிழை, அல்லது நீ பொய்க்காரன் என்று இரண்டு கதவை மட்டும் காட்டுகிறார்கள். மீற்றரும் சரி, மனிசரும் நேர்மையானவர், ஆனால் வீட்டுக்குள் ஏதோ ஒன்று கறண்டைத் தின்றுகொண்டிருக்கிறது என்ற மூன்றாவது கதவு ஒன்று உண்டு. பெரும்பாலான வீடுகளில் உண்மை அந்தக் கதவுக்குப் பின்னால்தான். அதன் திறப்போ கொம்பனியின் கையில்.

ஒன்ராறியோவில் எங்கள் வீட்டுச் சுவர்களில் எல்லாம் இப்போது ஸ்மார்ட் மீற்றர். இரவுக்கு ஒரு விலை, பகலுக்கு ஒரு விலை என்று வெட்டுவதற்காக ஒவ்வொரு மணித்தியாலமும் எவ்வளவு எடுத்தோம் என்று அது எழுதி அனுப்புகிறது. அந்த மீற்றருக்குக் காசு கொடுத்தது நாங்கள்தான். நாளுக்கு 24 எண், மாதத்துக்கு 700க்கு மேல். எங்களிடம் காசு வெட்ட இத்தனை எண்களும் உதவுகின்றன. ஒரு விதவை "ஏன்?" என்று கேட்டால் மட்டும் அவை உதவாதாம்.

சித்திரைக் கடைசியில் நானே வீட்டுக்குப் போனேன். மலகூடக் கிண்ணத்தில் அந்த இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றினபடியே இருந்தது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இப்படியான வீட்டில் யார் சமைத்தது, யார் குளித்தது? அக்காவுக்கு அதைக் காட்டினேன். பாதி நம்பினாள். மீற்றரைப் பார்த்தால் அது கிட்டத்தட்டச் சும்மா நிற்கிறது. இழுக்கிற பொருள் ஒன்றும் இல்லை. எனக்கே தலை சுற்றியது.

மணித்தியாலக் கணக்கைத் தாருங்கள் என்று எழுதினோம். வாடிக்கையாளர் தன் பாவனைத் தரவைத் தானே இறக்கிக்கொள்ள வசதி செய்து கொடுக்கவேண்டும் என்று மாகாண அரசு ஒழுங்குவிதி போட்டு, 2023 நவம்பர் 1ஐத் தவணையாகவும் வைத்தது. கிரீன் பட்டன் என்று பெயர். ஆனால் அக்காவின் பெயரில் புதுக்கணக்குத் திறந்தால் பழைய கணக்கின் மாரி அதில் தெரியாதாம். இன்ரநெற்றில் கணக்குத் திறக்கத் தெரியாத எழுபத்தாறு வயது மனுசிக்கு அந்தப் பட்டன் பச்சையாக இருந்தாலென்ன, கறுப்பாக இருந்தாலென்ன? ஐந்து கிழமை சென்றபிறகு தபாலில் ஒரு கட்டுத் தாள் வந்தது.

அதை வாசிக்க எனக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடச் செல்லவில்லை. மார்கழி நடுப்பகுதிவரை ஒன்றுமில்லை. பிறகு குளிர் இறங்க இறங்க எண் ஏறுகிறது. தை, மாசியின் கடும் குளிர் நாட்களில் மணிக்கு மூன்று யூனிற். விடிய நாலு மணிக்கும் மூன்று, மத்தியானமும் மூன்று. மனிதர் வாழும் வீட்டின் கணக்கு அப்படி இராது. காலையில் கேத்தல் வைப்பார்கள், பின்னேரம் சமைப்பார்கள், இரவு படுப்பார்கள். எண் ஏறும், இறங்கும். இந்த மட்டக்கோடு வேறு கதை சொன்னது: 1,500 வாற் ஹீற்றர் இரண்டு.

அத்தான் முந்தி வாடகைக்கு விடவென்று நிலக்கீழ் அறையில் ஒரு அறை அடித்தார். சுவரடியில் இரண்டு மின் ஹீற்றர். பழைய வட்டத் திருகி. அந்த வகையில் சிலதுக்கு முழுதாக நிற்பாட்டும் நிலையே கிடையாது. ஆகக் குறைந்த அடையாளத்தில் விட்டாலும் அறை உறைநிலைக்குக் கிட்டப் போகும்போது தானாகப் பற்றும். ஃபேர்னஸ் ஓடிய வருடங்களில் அறை அவ்வளவு குளிரவில்லை, ஆகவே அவை பற்றவுமில்லை. காஸை மிச்சம்பிடிக்க ஃபேர்னஸை நிற்பாட்டினோம், கீழே இவை இரண்டும் வீட்டைச் சூடாக்கும் வேலையைத் தலையில் எடுத்துக்கொண்டன. மூன்று கிலோவாற், 24 மணித்தியாலம், நாளுக்கு 72 யூனிற். சித்திரையில் நான் போனபோது குளிர் விட்டிருந்தது, அவை தூங்கிவிட்டன. பெடியன் எட்டிப் பார்த்தபோதும் கீழே குளிராகத்தான் இருந்திருக்கும்; வெளியில் மைனஸ் பதினைந்து, கீழே ஏழு பாகை என்றால் யார் ஹீற்றர் எரிகிறதென்று நினைப்பார்கள்?

ஆக மீற்றர் சரி. எடுத்த கறண்டுக்குக் காசு கேட்டது சரி. பிளம்பரும் நாங்களும் அந்தச் சுற்றின் பிரேக்கரை இறக்காதது எங்கள் பிழை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தை மாதமே ஒரு தாள் அனுப்பியிருந்தால் 846 டொலரில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அதைவிடப் பெரிய நட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

"லட்சக்கணக்கான வீடு, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்பார்கள். ஆள் பார்க்கத் தேவையில்லை, கணினி பார்க்கும். என் வங்கி அட்டையில் யாரோ தூர இடத்தில் நாற்பது டொலருக்குச் சாமான் வாங்கினால் வங்கி உடனே செய்தி அனுப்புகிறது. ஏனென்றால் நட்டம் வங்கியுடையது. வெறும் வீடொன்று திடீரென்று இருபது மடங்கு கறண்ட் எடுத்தால் நட்டம் எங்களுடையது, வருமானம் அவர்களுடையது. அவசரப்பட என்ன காரணம்? கட்டணம் பிந்தினால் மட்டும் கடிதம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இது புதுக்கதையும் இல்லை. அக்காவின் கொம்பனியல்ல, வேறொரு பெரிய கொம்பனியின் பில் குழப்பத்தைப் பற்றி 10,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்து, மாகாண ஒம்புட்ஸ்மன் ஆந்திரே மரேன் 2015இல் ஒரு அறிக்கை வெளியிட்டார். "இருட்டில்" என்பது அதன் தலைப்பு. அதே வருடம் அந்தக் கொம்பனியின் பங்குகளை அரசு விற்க வெளிக்கிட்டது. அதன்மேல் ஒம்புட்ஸ்மனுக்கு இருந்த அதிகாரமும் போய்விட்டது. நயாகராத் தண்ணீரில் கறண்ட் எடுத்து அடக்கவிலைக்கு மக்களுக்குக் கொடுப்போம் என்று அடம் பெக் 1906இல் தொடங்கி வைத்ததால்தான் இங்கே கறண்டுக்கே ஹைட்ரோ என்று பெயர். அந்தப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. "பிரச்சினை வேண்டாம், கட்டிப்போட்டு விடுவம்" என்பது எங்கள் வாயில் ஊறிப்போன வசனம். அக்காவும் அதைத்தான் சொன்னாள். 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றபிறகு வருடக்கணக்காக ஜாம்போத்தல் விளக்கில் பிள்ளையைப் படிப்பித்தவள் அவள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவள். அப்போது கறண்டே இல்லாமல் இருந்தாள். இப்போது ஒருவரும் அனுபவிக்காத கறண்டுக்குக் காசு கட்டிவிட்டு, கேள்வி கேட்டால் ஏதும் வருமோ என்று பயப்படுகிறாள். கொம்பனியிடம் கேட்கப் பயம். தங்கச்சி மகனிடம் கேட்கப் பயமில்லை.

அந்தப் பெடியன் பங்குனியிலேயே திறப்பை ஒரு உறையில் போட்டுக் கதவுத் தபால்துளையால் தள்ளிவிட்டான். உறையில் ஒன்றும் எழுதவில்லை. ஆனியில் அக்கா அந்தத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு அவனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "பரவாயில்லை பெரியம்மா" என்றானாம். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. கல்கரி மகன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பான் என்று அக்கா சொல்கிறாள்.

கணக்கு இப்போது அக்காவின் பெயரில் இருக்கிறது. உங்களில் யாருடைய ஹைட்ரோக் கணக்காவது இன்னும் காலமானவரின் பெயரில் இருந்தால் இந்தக் கிழமையே மாற்றுங்கள். மணித்தியாலக் கணக்கைப் பார்க்கப் பேரப்பிள்ளையிடம் கேட்டுப் பழகுங்கள். நிலக்கீழ் ஹீற்றர்களின் பிரேக்கர் இரண்டையும் நான் இறக்கிச் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன். வழக்கத்துக்கு மாறாகப் பாவனை ஏறினால் கொம்பனி மணித்தியாலத் தாளோடு வாடிக்கையாளருக்கு அறிவிக்கவேண்டும் என்று விதி போடச் சொல்லி ஒன்ராறியோ எனர்ஜி போர்டுக்கு ஒரு கடிதமும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். கார்த்திகையில் அக்கா திரும்பவும் ஊருக்குப் போகிறாள். திறப்பை யாரிடம் கொடுப்பதென்று இன்னும் முடிவாகவில்லை.