என் கணினியே உலகம்

பலர் பகிரும் நிரலில் தன் கணினியின் முழுப் பாதையை எழுதிவைப்பவர், தன் வீட்டுத் திண்ணையையே உலகம் என்று நம்புகிறவர். 'ஒரு கோடுதானே, மாற்றிக்கொள்ளுங்கள்' என்பார். அந்தக் கோட்டுக்கும் வரலாறு உண்டு. யுனிக்ஸ் அடைவுகளைச் சாய்கோட்டால் பிரித்தது. எம்எஸ்-டாஸில் கட்டளைகளின் விருப்பக்குறியாக அக்கோடு ஏற்கெனவே புழங்கியதால், 1983-இல் அடைவுகள் வந்தபோது பின்சாய்கோடு அமர்ந்தது.

விளைவு சிறியதன்று. லினக்ஸில் பின்சாய்கோடு, கோப்பின் பெயரில் வரத்தக்க சாதாரண எழுத்து. ஆகவே விண்டோஸ் பாதைக்கு எழுதச் சொன்னால் நிரல் பிழை காட்டாது; அந்த நீண்ட பாதை முழுவதையும் பெயராகச் சூட்டி, நின்ற இடத்திலேயே ஒரு கோப்பை எழுதிவிட்டு அமைதியாக முடியும். பகிர்ந்த மேகக் கோப்புறைக்கு எதுவும் போய்ச் சேராது. உழைப்பு தொலைந்தது யாருக்கும் தெரியாது.

பைத்தான் 2014-லேயே பாத்லிப் நூலகத்தைத் தந்துவிட்டது. பாகங்களைக் கொடுத்தால் உரிய குறியை அதுவே இடும். ஆனால் மேகக் கோப்புறையின் வேரை அது அறியாது. ஒன்டிரைவ் விண்டோஸில் ஓரிடத்திலும், மேக்கில் வேறிடத்திலும் இருக்கிறது. அந்த வேரை ஒவ்வொருவரும் தத்தம் சூழல் மாறியில் குறித்துக்கொள்ள இடம்விட்டு எழுதுங்கள். இது தொழில்நுட்ப நுணுக்கமன்று; இன்னொருவர் இருக்கிறார் என்ற குறைந்தபட்ச ஒப்புதல்.