பதிவுப் புத்தகம் திறந்தது, முழுதும் திறக்கட்டும்!



தூத்துக்குடிச் சீமையில் நிலத்துக்கு வந்திருக்கும் கிராக்கியை நாம் கண்ணால் பார்க்கிறோம். சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்டில் வின்பாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கென்று 2,000 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். தரகர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். விலை ஏறும் இடத்தில் போலிப் பத்திரமும் முளைக்கும். ஒரே மனையை இருவருக்கு விற்கிறான். செத்தவர் பெயரில் பவர் எழுதுகிறான். ஏமாறுவது யார்? பங்களாவாசியா? அவருக்கு வக்கீல் உண்டு. மில் கூலியில் மிச்சம் பிடித்து இரண்டு சென்ட் வாங்கப் போகிறோமே, நாம்தான்!

ஆகவே, பத்திரப்பதிவு இணையத்துக்கு வந்ததை, "அது படித்தவன் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று சில நண்பர்கள் ஒதுக்குவது தவறு என்கிறோம்.

1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வெள்ளை முதலாளியை இறங்கிவரச் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில்தான் இன்றும் அமலில் உள்ள பதிவுச் சட்டம் பிறந்தது. கட்டணம் கட்டினால் சொத்துப் பதிவுப் புத்தகத்தை யாரும் பார்க்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நடப்பு என்ன? மனு எழுத ஒருவர், தேடிக் கொடுக்க ஒருவர், இருவருக்கும் தேநீர்க் காசு. வில்லங்கச் சான்று கைக்கு வருமுன் நாலு நாள் கூலி போய்விடும். எனவே தரகன் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைத்தோம்.

2000-ல் ரிஜிஸ்தர் ஆபீசுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. 2018 பிப்ரவரியில் பதிவே இணைய வழிக்கு மாறியது. சர்வே எண் தெரிந்தால் போதும். யார் யாருக்கு விற்றார், எந்த பாங்கில் அடமானம் என்பதை, பெரும்பாலான ஆபீசுகளுக்கு 1975 முதல், காசில்லாமல் செல்போனிலேயே பார்க்கலாம். பட்டாவையும் அப்படியே பார்க்கலாம். தரகனின் வாய்ஜாலத்துக்கு இது பெரிய அடி. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், "கம்ப்யூட்டர் வந்தது, மோசடி ஒழிந்தது" என்று மார்தட்டுகிறார்களே, அதை ஏற்க மாட்டோம். நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தான். அந்தப் பதிவு உரிமைக்கு உத்தரவாதம் அல்ல. பொய்யை ஏற்றினால் கம்ப்யூட்டர் பொய்யைத்தான் காட்டும்.

பஞ்சமி நிலத்தைப் பாருங்கள்! கலெக்டர் ட்ரெமன்ஹீர் அறிக்கையின் மேல் 1892-ல் சென்னை மாகாண சர்க்கார் உத்தரவிட்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வழங்கத் தொடங்கிய நிலம் அது. பத்தாண்டு விற்கக் கூடாது. அதன் பிறகும் அம்மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. கடனுக்கும் அடிக்கும் பயந்து விட்டுக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்! 1979 முதல் 1987 வரை நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது, பல ஊர்களில் பறித்தவன் பெயரே பட்டாவில் ஏறியது. இன்று இணையத்தில் பளிச்சென்று தெரிவது அந்தப் பெயர்தான். பண்ணையார் பேரன் அதைக் காட்டி, "சர்க்காரே சொல்கிறதே!" என்கிறான்.

கடற்கரையிலோ வேறு கதை. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த இந்தக் கரையில், குளியாளிகளின் பிள்ளைகளும் உப்பளத் தொழிலாளிகளும் புறம்போக்கில் பட்டாவின்றிக் குடியிருக்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இவர்கள் பெயர் வராது!

ஆகவே நாம் கேட்கிறோம்: 1979-க்கு முந்தைய கிராமப் பதிவேடுகளையும் பஞ்சமி ஒப்படைப்புப் பட்டியலையும் எல்லோரும் பார்க்க இணையத்தில் ஏற்று! உப்பளக் குத்தகைகள் யார் கையில் என்பதையும் போடு! புறம்போக்குக் குடிசைக்குப் பட்டா கொடு. கொடுத்துவிட்டு அதையும் பதிவு செய்!

இதற்குச் சர்க்கார் இணங்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒட்டப்பிடாரத்திலும் விளாத்திகுளத்திலும் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் செல்போன் கையாளத் தெரிந்த இரண்டு இளைஞர்களை உட்கார வைக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் "இது எங்கள் பஞ்சமி நிலம்" என்று காட்டும் புலங்களின் சர்வே எண்களை எழுதி, இன்று யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டு யாருக்கு விற்பனையானது என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். அடுத்த மனுநாளில் அந்த நோட்டோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.