கோடரிக்குக் காம்பு போட்டது யார்?

2020 மே 21ஆம் திகதி, ரமழானின் கடைசிப் பத்தில், ஊரடங்கும் நோய்ப் பயமுமாக நாடே முடங்கிக் கிடந்தபோது, மாளிகாவத்தையில் தனவந்தர் ஒருவரின் பணப் பங்கீட்டுக்குத் திரண்டவர்கள் நெரிபட்டதில் மூன்று பெண்கள் மௌத்தானார்கள். அடுத்து வந்த நாட்களில் நமது சமூகம் பேசியதெல்லாம் வரிசையைப் பற்றித்தான். ஒழுங்காக வரிசை அமைத்திருக்க வேண்டும், பொலிஸுக்கு அறிவித்திருக்க வேண்டும், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இத்தனை வருடமாகக் கொடுத்தும் அந்த வரிசை ஏன் குறையவில்லை என்ற பேச்சு எழவில்லை. வரிசையில் நின்றவர்கள் உம்மாமார். அவர்களுடைய பதினாறு, பதினேழு வயதுப் பொடியன்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற பேச்சும் எழவில்லை.

இக்கட்டுரை அந்தப் பொடியன்களைப் பற்றியது.

கொம்பனித்தெரு, மாளிகாவத்தை, வாழைத்தோட்டம், கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டி. பெயர்தான் வேறு, கதை ஒன்றுதான். ஒன்பதாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ பள்ளிக்கூடம் கசந்துவிடுகிறது. 2016 முதல் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி. 2021 முதல் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயதும் பதினாறு. இரண்டும் காகிதத்தில் அழகாகப் பொருந்துகின்றன. சந்துக்குள் பொருந்துவதில்லை. புறக்கோட்டையில் நாட்டாமை வேலை, யாருடையதோ ஓட்டோ, பிறகு யாரோ ஒரு நானா தரும் சிறிய பொட்டலத்தை இன்னொரு சந்தில் கொடுத்துவிட்டு வரும் வேலை. ஒரு நாள் பொட்டலத்தில் இருப்பதென்ன என்று தானே பார்த்துவிடுகிறான். குடு என்றிருந்தது ஐஸ் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியபோது இந்தச் சந்துகளுக்குள்ளும் பொலிஸார் வந்தார்கள். அதற்கு முன்னர் அந்த வாசல்களுக்கு நாம் எத்தனை முறை போயிருக்கிறோம்?

போயிருக்கிறோம் என்பார்கள். பயான் வைத்தோம், வழிகாட்டல் கருத்தரங்கு நடத்தினோம், தொழிற்பயிற்சி கொடுத்தோம் என்பார்கள். அந்தத் தொழிற்பயிற்சிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். மண்டபத்தில் கிராஅத்துடன் ஆரம்பம். பிரதம அதிதி ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வருவார். இளைஞர்களின் ஒழுக்கச் சீர்கேடு பற்றி மூன்று பேர் பேசுவார்கள். சில வாரப் பயிற்சிக்கு ஒரு சான்றிதழ். அதில் நாலு இயக்கங்களின் இலச்சினை இருக்கும், வேலை கொடுப்பவர் எவரும் மதிக்கும் முத்திரை மட்டும் இருக்காது. புகைப்படம், பிரியாணிப் பொதி, ஸலவாத். பெண் பிள்ளைகளென்றால் ஆளுக்கொரு தையல் மெஷின். அதைத் தாண்டி நமது கற்பனை ஓடுவதேயில்லை, அது தனிக் கட்டுரைக்குரிய விடயம். உண்மையாக உழைக்கும் இயக்கங்கள் இல்லையென்று சொல்லவில்லை. அவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பதுதான் வழக்கு.

இந்த மேடைகளில் தவறாமல் சொல்லப்படும் ஒரு ஹதீஸ் உண்டு. அன்ஸாரிகளில் ஒருவர் நபியவர்களிடம் யாசகம் கேட்டு வருகிறார். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று கேட்கிறார்கள். ஒரு துணியும் தண்ணீர் குடிக்கும் பாத்திரமும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவரச் செய்து, சபையில் ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுக்கிறார்கள். ஒன்றில் வீட்டுக்கு உணவு, மற்றதில் ஒரு கோடரி. அபூதாவூதில் வரும் இந்த அறிவிப்பின் தொடரில் ஹதீஸ் கலையினர் சிலர் குறை கண்டிருக்கிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் இதை மிம்பரில் சொல்லாத கதீப் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எல்லோரும் சொல்லி முடிப்பது ஒரே இடத்தில்: பிச்சை எடுக்காதே, உழைத்துச் சாப்பிடு.

கதையின் மற்றப் பாதியை ஏன் விழுங்கிவிடுகிறார்கள்? அந்தக் கோடரியை வாங்கித் தன்னிடம் கொண்டுவரச் சொன்னவர்கள் நபியவர்கள். அதற்குத் தமது கையாலேயே காம்பு போட்டுக் கொடுத்தவர்கள் நபியவர்கள். விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாட்களுக்கு உன்னைக் காணக்கூடாது என்று தவணை வைத்தவர்களும் அவர்கள்தான். மனிதர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வருகிறார். முதல் எங்கிருந்து வரும், கருவி எது, சந்தை எது, எத்தனை நாளில் கணக்குப் பார்ப்பது என்பதெல்லாம் இதற்குள் இருக்கின்றன. உபதேசம் கடைசியில்தான் வருகிறது. நாம் உபதேசத்தில் தொடங்கி உபதேசத்திலேயே முடிக்கிறோம். காம்பு போட ஆளில்லை.

ஸகாத்தை இதற்கெல்லாம் எடுக்கலாமா என்று உடனே ஒரு கேள்வி வரும். நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள் என்று மார்தட்டுகிறோம். அந்த மத்ஹபின் தூணான இமாம் நவவி ‘அல்மஜ்மூஃ’வில் இதைப் பேசியிருக்கிறார். தொழில் தெரிந்த ஏழைக்கு அவனது தொழிற்கருவிகளை வாங்கப் போதுமான அளவு கொடுக்க வேண்டும், அதன் விலை குறைவாயினும் கூடுதலாயினும் சரி என்பது அங்குள்ள நிலைப்பாடு. வியாபாரிக்கு அவனது வியாபாரத்துக்கேற்ற முதல். ஏழையை ஏழ்மையிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் அளவுகோல். ஒரு தாள் நோட்டுடன் அடுத்த ரமழான் வரை அனுப்பிவைப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது?

இன்னொரு பழைய நோயையும் சொல்ல வேண்டும். நமது சமூகத்தின் பெருமைக்குரிய முயற்சிகள் பெரும்பாலும் படிக்கக்கூடிய பிள்ளைக்காக எழுந்தவை. சித்திலெப்பை தொடக்கம் அதுதான் கதை. 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளை மேலே ஏற்றிவிட்டது. 1973இல் நளீம் ஹாஜியார் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். அவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் அந்த ஏணியில் ஏற முடியாதவனுக்கு, ஓ.எல். எழுதாதவனுக்கு, அதே அளவு மூளையையும் பணத்தையும் செலவழித்து நாம் கட்டியது எது?

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கோபத்தைத் தரும். பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலும், சுற்றுவட்டார கராஜ்களிலும், வெல்டிங் பட்டறைகளிலும் நம்மவர் பங்கு என்னவென்று நமக்குத் தெரியும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளில் அமர்ந்திருப்பவர்களில் இந்த முதலாளிமாரும் இருக்கிறார்கள். அங்கே கோலயாவாகச் சேரும் பொடியனுக்கு என்ன நடக்கிறது? சாமான் கழுவுகிறான். பிளேன்டீ வாங்கி வருகிறான். முதலாளி வீட்டுக்கு மரக்கறியும் கொண்டுபோகிறான். இரண்டு வருடம் போன பின்னும் எஞ்சினைத் தொட விடமாட்டார்கள். பாஸிடம் கேட்டால், பழக்கிவிட்டால் அடுத்த கராஜுக்கு ஓடிவிடுவான் என்பார். பொடியனிடம் கேட்டால், ஒன்றும் பழக்குவதில்லை, அதனால்தான் ஓடுகிறேன் என்பான். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவரையும் பிடித்து உட்காரவைத்து, நீ பழக்க வேண்டும், நீ ஓடக்கூடாது என்று சொல்லக்கூடிய மூன்றாவது ஆள் வேண்டும். இரண்டு பேரும் முகம் கொடுத்தே ஆகவேண்டிய ஓர் இடம் அந்தத் தெருவில் இருக்கிறதென்றால் அது பள்ளிவாசல்தான். மார்க்கத்தின் பெயரால் தொழில் பழக்குவதென்றால் இதுதான் அதன் பொருளாக இருக்க முடியும். டிங்கரிங் வேலைக்கு முன்னும் பின்னும் பயான் வைப்பதல்ல. நாம் பொடியனுக்கு மட்டும் உபதேசிக்கிறோம்; முதலாளிக்கு முதல் ஸஃப்பில் இடம் கொடுக்கிறோம்.

இதைச் செய்தவர்கள் உலகில் இருக்கிறார்கள், அவர்கள் நம்மவர் அல்லர் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. 1840களில் இத்தாலியின் டூரின் நகரம் தொழிற்சாலைகளால் வீங்கியபோது, கிராமங்களிலிருந்து வந்து தெருவில் அலைந்த பொடியன்களைத் திரட்டியவர் ஜோன் பொஸ்கோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அவர் 1851 நவம்பரிலும் 1852 பெப்ரவரியிலும் கைச்சாத்திட்ட பயிலுநர் ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்று கண்ணாடி வேலைக்கு, மற்றது தச்சு வேலைக்கு. குறித்த காலத்துக்குள் தொழிலைப் பழக்க வேண்டும். திருத்துவதென்றால் வாயால் திருத்த வேண்டும், கை நீட்டக்கூடாது. தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது. திருநாட்களில் விடுப்பு. காலம் செல்லச் செல்லக் கூலி உயர வேண்டும். பொடியனின் நடத்தைக்குப் பாதிரியார் துணை நிற்பார். முதலாளி கையெழுத்திடுகிறார், பொடியன் கையெழுத்திடுகிறான், பாதிரியாரும் கையெழுத்திடுகிறார். பிளேன்டீயும் மரக்கறியும் அன்றே தடைசெய்யப்பட்டுவிட்டன! அவருடைய சபையினர் 1956இல் இலங்கைக்கு வந்தார்கள். நீர்கொழும்புப் பக்கத்தில் அவர்களுடைய தொழிற்பயிற்சி நிலையத்தைப் போய்ப் பார்க்கலாம், தூரமில்லை.

தொழில் பழக்குவது அரசாங்கத்தின் வேலை, பள்ளிவாசலின் வேலை தொழுகை என்று சிலர் ஒதுங்குவார்கள். அரசாங்கத்திடம் ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. 1971இல் தொடங்கிய பயிலுநர் சபைதான் பின்னர் நைட்டா என்ற அதிகார சபையானது. வேலைத்தலத்திலேயே பழகுபவனைப் பதிவு செய்யும் முறை அதனிடம் உண்டு. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. வகுப்பறையில் இருக்காமல் கையால் பழகியவனையும் பரீட்சித்து அந்தத் தகைமையை வழங்குகிறார்கள். அந்தக் காகிதம் இருந்தால் வளைகுடாவுக்குப் போகிறவன் கூலியாளாக அல்ல, தொழில்நுட்பவியலாளனாகப் போக வழி உண்டு. எல்லாம் இருக்கிறது. வாழைத்தோட்டத்துப் பொடியனை அந்த வாசல்வரை கூட்டிச்செல்ல ஆளில்லை. விண்ணப்பம் நிரப்ப ஆளில்லை. தமிழ்மொழி மூலம் படித்தவன் சிங்களத்தில் நடக்கும் வகுப்பில் விழிபிதுங்கி இருக்கும்போது பக்கத்தில் உட்கார ஆளில்லை. முதல் வருடம் பயிலுநருக்குக் கிடைக்கும் காசு நாட்டாமைக் கூலியை விடக் குறைவு. அந்த வித்தியாசத்தைச் சகித்துக்கொள்ளும் நிலையில் அந்த வீடு இல்லை. ஸகாத் போய் நிற்க வேண்டிய இடம் அந்த வித்தியாசம். கருவிப் பெட்டிக்கும் அதிலிருந்தே கொடுக்கலாம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இளைஞர்களைப் பள்ளிவாசலில் கூட்டவே பயம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பயம் நியாயமானதுதான், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் கராஜில், அரச அதிகார சபையின் பதிவுப் புத்தகத்தில் பெயரிருக்க, ஒருவன் எண்ணெய்க் கையுடன் நிற்பதை விடப் பகிரங்கமான காரியம் எது?

ஒரு நிபந்தனை மட்டும் விதிக்கக்கூடாது. தொழாதவனைச் சேர்ப்பதில்லை, ஐஸ் பாவித்தவனைச் சேர்ப்பதில்லை, பொலிஸில் வழக்குள்ளவனைச் சேர்ப்பதில்லை என்றால் பிறகு யாரைத்தான் சேர்ப்பது? சேர்த்த பின் ஒவ்வொருவனுக்கும் வயதில் மூத்த ஒருவர் பொறுப்பாக வேண்டும். பயான் செய்பவர் வேண்டாம். கிழமைக்கு ஒரு தடவை கராஜுக்குப் போய், பாஸுடன் பேசி, பொடியன் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் போதும். ஓய்வுபெற்ற மெக்கானிக்காகவும் இருக்கலாம், ஓட்டோ ஓட்டும் காக்காவாகவும் இருக்கலாம். இரண்டு வருடம் விடாமல் வரவேண்டும் என்பதே தகுதி.

இலக்கியச் சஞ்சிகையில் இதற்கென்ன இடம் என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது சிறுகதைகளில் இந்தப் பொடியன் நிறைய வருகிறான். கடைசிப் பந்தியில் சாகிறான், அல்லது ஜெயிலுக்குப் போகிறான். நமக்குக் கண் கலங்குகிறது. அவன் கையில் இருக்கும் ஸ்பானர் எத்தனையாம் இலக்கம் என்று தெரிந்து எழுதியவர் எத்தனை பேர்?

கடைசியாக, சிங்கள பாஸிடம் நமது பொடியனை விடலாமா என்று என்னிடமே ஒரு நிருவாகி கேட்டார். தொழில் நன்றாகத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் விடத்தான் வேண்டும். ஜும்ஆ தவறிவிடுமாம். ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணித்தியாலம் விடுப்பு என்று ஒரு வரி சேர்த்து, பாஸிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.