கோட்டைப் பாத்து யென்கோ எண்டு நம்பலாமா?

பழைய அமெரிக்க மசில் கார்களின் ஏல வீடியோக்களைப் பாக்கிற ஆக்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். 1969ஆம் ஆண்டுச் செவர்லே கமரோ ஒன்று மேடைக்கு வரும். பக்கவாட்டில் நீளக் கோடு. அறிவிப்பாளர் "யென்கோ" எண்டு சொன்ன உடன விலை ஏறத் தொடங்கும். நாங்களும் வாய் பிளந்து பாத்த ஆக்கள்தான். எதை வைச்சு அந்தப் பெயரைச் சொல்லுறார் எண்டு மட்டும் கனகாலமாக் கேக்கவேயில்லை.

டொன் யென்கோ, பென்சில்வேனியாவின் கனன்ஸ்பேர்க் நகரத்துச் செவர்லே டீலர், கார்ப் பந்தயக்காரரும்கூட. 1967இல் தன்ர கடையிலேயே கமரோவின் எஞ்சினைக் கழற்றிப்போட்டு 427 கன அங்குல எஞ்சினை ஏத்தினார். 1969இல் அந்த வேலையைத் தொழிற்சாலையே செய்து குடுத்தது. 'கோப்போ' எண்ட விசேட கட்டளை முறையில் 9561 என்ற இலக்கத்தைப் போட்டால் 425 குதிரைவலு எஞ்சினோட கார் வந்து சேரும்.

சிக்கல் இங்கதான். அதே 9561ஐ வேற டீலர்மாரும் எடுத்தவை. அதே தொழிற்சாலை, அதே எஞ்சின். பெயருக்காகக் குடுக்கிற மிச்சக் காசு, அந்தக் கார் எந்தக் கடை வாசலால வெளிக்கிட்டது என்பதற்குத்தான். அது இரும்பில எழுதியிருக்காது. அந்தக் காலச் செவர்லே சேசிஸ் இலக்கம் ஆறு சிலிண்டரா வீ-8ஆ, எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை எண்டு சொல்லும். எந்த வீ-8 எண்டும் சொல்லாது, எந்த டீலர் எண்டும் சொல்லாது.

அப்ப காகிதம்தான் சாட்சி. ஆனா எல்லாக் காகிதமும் ஒண்டில்லை. உத்தரவாதப் புத்தகத்தோட வந்த சின்ன உலோகத் தகடு, கண்ணாடியில ஒட்டின விலைச்சீட்டு எல்லாத்துக்கும் இண்டைக்குப் புதுசாச் செய்த நகல் வாங்கலாம். காரோட சேர்ந்து கைமாறுற காகிதம் விக்கிறவரின்ர பேச்சு மாதிரித்தான் எண்டது எங்கட நிலைப்பாடு. விக்கிறவரின்ர கை எட்டாத இடத்திலயிருந்து வாற பதிவுதான் பெறுமதியானது.

ஃபோர்ட் கார் எண்டால் மார்ட்டி அறிக்கை இருக்கு. கம்பனியின் உற்பத்தித் தரவிலயிருந்தே டீலர் பெயர் வரும். பொன்ரியாக்குக்குப் பழைய விலைப்பட்டியலின் பிரதி கிடைக்கும். செவர்லேக்கு இவ்வளவு லேசில்லை. தேசியக் கோர்வெற் மீளமைப்பாளர் சங்கம் தாற அனுப்புகை அறிக்கையில் உற்பத்தித் திகதியும் டீலரும் இருக்கும், ஆனா எஞ்சின் விபரம் இருக்காது. அதைத் தனியாத்தான் நிரூபிக்க வேணும். ஒண்டைக் காட்டி மற்றதையும் நம்பவைக்கிற வேலை இந்த இடைவெளியிலதான் நடக்கும்.

"கார் நல்லா ஓடுதுதானே, காகிதம் எதுக்கு?" எண்டு கேப்பினம். ஓடுறதுக்குத் தேவையில்லை, உண்மைதான். பெயருக்கு விலை கேட்டால் தேவை. காகிதம் இல்லாட்டி "தெரியாது" எண்டு சொல்லி விக்கிறதில ஒரு வெட்கமும் இல்லை.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. அந்தக் கார்களை வாங்கினவை அதுகளைப் பூட்டி வைக்க வாங்கேல்லை. பந்தயத்தில எஞ்சின் வெடிச்சு மாத்தினவை, பெயின்ற் அடிச்சுக் கோட்டை மறைச்சவை. ஒரு கோடும் இல்லாம, வேற எஞ்சினோட ஒரு கராஜ் மூலையில கிடக்கிற கமரோவின் இலக்கத்தைக் குடுத்து அறிக்கை எடுத்தால், அதில கனன்ஸ்பேர்க் எண்டு வரலாம்.