பலாலியில் விமானம் ஏன் 'தொம்' என்று இறங்குகிறது?

சென்னையிலிருந்து வந்த ஏ.ரி.ஆர் 72 விமானம் பலாலியில் சக்கரம் ஊன்றியபோது ஒரு குலுக்கு. பக்கத்து இருக்கை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவனுக்கு இறக்கத் தெரியேல்லையோ?"

தெரிந்துதான் இறக்கினார். நிலத்தை நெருங்கும்போது விமானி மூக்கைச் சற்று உயர்த்தி இறங்கும் வேகத்தைக் குறைப்பார். அது 'ஃபிளேர்'. அதை நீட்டினால் விமானம் பூப்போல இறங்கும். ஆனால் அதுவரை ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். கட்டுநாயக்காவில் 3 கிலோமீற்றருக்கு மேல் ஓடுபாதை உண்டு, அங்கே இந்தச் சொகுசு செல்லும். பலாலியில் பாவனையில் இருப்பது சுமார் 1,400 மீற்றர். உரிய இடத்தில் அழுத்தமாக ஊன்றி, விசிறி அலகுகளைத் திருப்பி, பிரேக் பிடிக்கவேண்டும். இடம் தவறினால் திரும்ப மேலெழும்புவார்கள். அதற்குப் பெயர் 'கோ அரவுண்ட்', பயப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் ஜெற் விமானம் ஏன் வருவதில்லை? பயணிகள் ஜெற் ஒன்று ஓடுபாதையின் 60 வீதத்துக்குள் நிற்கக்கூடியதா என்று புறப்படும் முன்பே கணக்குப் பார்ப்பார்கள். 1,400 இல் அது 840 மீற்றர். மழை ஈரத்துக்கு மேலும் 15 வீதம் ஒதுக்கினால் ஏறத்தாழ 730. ஆட்களும் பொதிகளும் நிறைந்த ஏ320 க்கு இது காணாது.

ஓடுபாதையை 2,300 மீற்றராக்குவோம் என்று 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த காலத்திலிருந்து சொல்லப்படுகிறது. நீளட்டும், எனக்கும் அது வேணும். ஆனால் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவன் என்ற முறையில் நானும் ஒரு கணக்குப் பார்த்தேன். கூடுதலாக வேண்டியது 900 மீற்றர். இருபக்க வெளியையும் சேர்த்து 280 மீற்றர் அகலம் என்று வைத்தாலும் 62 ஏக்கர், நம்முடைய கணக்கில் ஏறத்தாழ ஆயிரம் பரப்பு. முனைகளில் விடவேண்டிய பாதுகாப்பு நிலம் கொஞ்சம் கூடும். படையினரிடமிருந்து இன்னும் விடுபடாத காணியோ இதைப்போலப் பல மடங்கு. அவ்வளவுக்கும் ஓடுபாதையைக் காரணம் காட்டமுடியாது. எந்தக் காணி, யாருடைய உறுதி என்று நில அளவைப் படத்தை முதலில் மக்கள் முன் வைக்கட்டும்.

விமானம் நின்றபிறகும் அந்த அம்மா எழும்பவில்லை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்து வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். "மயிலிட்டி எந்தப் பக்கம், தம்பி?"