அலை அடங்கிய இடம்



இந்த இதழின் அட்டையில் இருப்பது நியூசிலாந்தின் பீஹா கடற்கரை. ஆக்லாந்திலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர், வைடாக்கரே மலைகளைத் தாண்டி இறங்க வேண்டும். மணல் கருப்பு. தெற்கே தாரனாக்கி எரிமலைப் பாறைகளிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளைக் கடலோர நீரோட்டம் வடக்கே தள்ளிக்கொண்டு வந்து குவித்திருக்கிறது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். கோடை மதியத்தில் செருப்பில்லாமல் இறங்கியவர்கள் தண்ணீரைப் பார்த்து ஓடுவார்கள். ஆசையால் அல்ல, சூட்டால்!

1958-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பிங் கோப்லேண்டும் ரிக் ஸ்டோனரும் மாலிபு என்னும் சர்ஃபிங் பலகையை இங்கே அறிமுகம் செய்தார்கள். நியூசிலாந்தில் இன்றைய சர்ஃபிங் மோகத்துக்கு அது ஒரு பெரிய தொடக்கம். ஆனால் பீஹாவில் உயிர்காப்புச் சங்கம் 1934-லேயே வந்துவிட்டது. எது முதலில் தேவை என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே அலை மணல்திட்டின் மேல் உடைகிறது. திட்டு நிலையாக இருக்காது. ஒரு புயல் வந்துபோனால் இடம் மாறிவிடும். போன வாரம் இடுப்பளவு இருந்த இடத்தில் இன்று ஆள் மூழ்கும். கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் திரும்பப் போக வழி வேண்டாமா? திட்டுகளுக்கு நடுவே பள்ளம் பறித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பள்ளத்தின் மேல் அலை அவ்வளவாக உடையாது. இருபுறமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்து, சலசலவென்று, சாதுவாகத் தெரியும். புதிதாக வருகிறவர் இறங்கத் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். தேர்ந்த சர்ஃபர்களும் அதில்தான் இறங்குகிறார்கள், ஆழத்துக்குப் போக இலவச லிஃப்ட் என்று தெரிந்தே. இந்த இதழின் அட்டைப்படக் கட்டுரையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி இதுதான்.

அதனால்தான் கைதேர்ந்தவர்கள் பலகையைத் தரையில் வைத்துவிட்டுக் கால் மணி நேரமாவது கடலைப் பார்க்கிறார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். இடையில் கடல் ஓய்ந்து கிடப்பதை நம்பக் கூடாது. கற்றுக்கொள்கிறவருக்கு இடுப்பளவுத் தண்ணீரில் வரும் வெள்ளை நுரையே போதும். விழும்போது தலைகீழாகப் பாயாமல், உடம்பைத் தட்டையாக விட்டு விழ வேண்டும். அடியில் மணல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாது. மேலே வரும்போது கைகள் தலையை மூடியிருக்கட்டும், பலகை திரும்பி வரும். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பலகை இருக்கவே கூடாது. பள்ளத்து நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்துத் துடுப்புப் போடாதீர்கள், பலகையையும் விடாதீர்கள். அதுதான் மிதவை. கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் நுரை தெரியும் பக்கமாக, குறுக்கே நகருங்கள்.

சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே உள்ள இடம் குளிப்பவர்களுக்கானது, பலகைக்காரர்கள் தள்ளிப் போக வேண்டும். கொடி பறக்காத நாளில், “கால் மட்டும் நனைச்சுட்டு வர்றேன்” என்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. நம்மவர்கள் அடிக்கடி சொல்கிற வாக்கியம் அது.

ஆக்லாந்துப் பக்கம் இருக்கும் வாசகர்களே, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எந்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறீர்கள்? எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்