காப்பி அடிங்க, தப்பில்லை!

நம்ம காலேஜ்ல 'காப்பி'ன்னா ஒரே அர்த்தம்தான். ரெக்கார்ட் நோட்டு, அசைன்மென்ட், கடைசி நேரத்து சி புரோகிராம். அதனாலதான், ஆயில் பெயிண்டிங் கத்துக்க ஆசைப்படுறவங்ககிட்ட "பழைய மாஸ்டர் ஒருத்தரோட நிலக்காட்சியை அப்படியே பார்த்து வரைங்க"ன்னு சொன்னா முகம் மாறுது. "சொந்தமா வரையணும் ப்ரோ, காப்பியில என்ன கிரியேட்டிவிட்டி?" என்கிறார்கள்.

என் கருத்து வேற. ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஜான் கான்ஸ்டபிளை எடுத்துக்குங்க. இங்கிலாந்துக் கிராமப்புறத்தை அவர் அளவுக்குச் சொந்தமாக வரைந்தவர்கள் குறைவு. அவரே இளம் வயதில், க்ளாட் லொரேன் 1646-ல் வரைந்த 'ஹாகாரும் தேவதூதரும்' என்ற நிலக்காட்சியைப் பார்த்து நகல் எடுத்தவர்தான். அப்போது அது சர் ஜார்ஜ் போமான்ட்டிடம் இருந்தது. அரை மீட்டர் உயரமுள்ள சின்னப் படம். ஓரத்தில் இருண்ட மரம், நடுவில் ஆறு, தூரத்தில் வெளிறிக் கரையும் நிலம். 1828-ல் தான் வளர்ந்த டெட்ஹாம் பள்ளத்தாக்கை கான்ஸ்டபிள் வரைந்தபோதும் அதே அமைப்புதான் அடியில் இருக்கிறது. ஆனால் அந்த மேகமும் ஈரமும் முழுக்க அவருடையது. அதை யாராவது காப்பின்னு சொல்றாங்களா?

ரெக்கார்ட் எழுதும்போது விடையை மட்டும் எடுக்கிறோம். யோசிக்காமலே முடிச்சிடலாம். ஓவியத்துல அது நடக்காது. கண்ணுக்குத் தெரியறது கடைசி அடுக்கு. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சாத்தான் அந்த நிறம் வரும். நம்ம பாஷையில சொன்னா, ரிவர்ஸ் இன்ஜினியரிங்.

தூரத்து மலை ஏன் நீலமா இருக்கு? காற்று ஒளியைச் சிதறடிக்குது. ரேலே சிதறல்னு ஃபிசிக்ஸ்ல எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. ஆனா பச்சையில கொஞ்சம் நீலமும் வெள்ளையும் கலந்து தடவினதும் மலை பின்னாடி நகரும் பாருங்க, அப்பதான் அது நிஜமாவே புரியும்.

கீழ் அடுக்கில் ஏன் எண்ணெய் குறைவு? ஆளி விதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து மெதுவாக இறுகுகிறது. மேல் அடுக்கு முந்திக்கொண்டு இறுகிவிட்டால் பின்னாடி விரிசல் விழும். அதனால அடியில் டர்பன்டைனில் கரைத்த பெயிண்ட், மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். ஹாஸ்டல் ரூம்ல செய்றீங்கன்னா ஜன்னலைத் திறந்து வைங்க.

காப்பி அடிக்கவும் ஒரு முறை இருக்கு. இந்த க்ளாட் ஓவியம் இப்போ லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு. அவங்க இணையதளத்தில் பெரிதாக்கியே பார்க்கலாம். முதல்ல பழுப்பு நிறம் ஒன்றை மட்டும் வைத்து வெளிச்சம், இருட்டைப் பிடிங்க, வண்ணம் அப்புறம். முடிச்சதும் பின்பக்கம் 'க்ளாட் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி உங்க பேரைப் போடுங்க.

அடுத்த கேன்வாஸில் ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து தெரியும் காட்சியை வரைங்க. எது முன்னால் இருட்டு, எது தூரத்தில் வெளிறணும்னு கை தானா கேட்கும். இந்தப் படியைத் தாண்டலைன்னா, நீங்க அடிச்சதும் ரெக்கார்ட் காப்பிதான்.